குழி வெட்ட யாரைக் கேட்க வேண்டும்?

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

ஹட்டன் காரியாலயத்தில் உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை, ஒரு பிளேன்டீ, இரண்டு பிஸ்கட் கொடுத்து அனுப்புவது நம் சங்கத்து வழக்கம். நானும் பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்க்கக் கிளம்பியிருக்கலாம். ஆனால் பிளேன்டீ குடிக்கும்போது உங்களில் ஒரு தம்பி பேசியது காதில் விழுந்துவிட்டது.

"இந்தச் சனங்களுக்கு ஜனநாயகம் எல்லாம் சரிவராதுக்கா. கையில பிரம்போட ஒருத்தன் வந்து நின்னா போதும், பின்னாலேயே போயிருவாங்க. நாட்டுக்கும் அப்பிடி ஒரு ஆளத்தானே கேக்குறாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவளுக்கு ஒரு பதில் வரவில்லை என்பதுதான் அன்றிலிருந்து என்னை அரிக்கிறது. இதை எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன். ஒரு தடவை அடுப்பில் எதையும் வைக்காமலே அடுப்பை அணைக்கப் போனேன்.

தொழில் திணைக்களத்தில் எப்படிப் பேசுவது, சம்பளப் பேச்சில் எங்கே விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பிரிவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்தச் சனங்கள் முட்டாள்கள் இல்லை. முட்டாள்களாக இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் கலங்கியிருக்க மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பழக்கிவிட்ட மூத்த பிரதிநிதி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், தங்கமான மனிதர். மழையில் நனைந்தபடி நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு ஏறும்போது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது. "தோட்டத்துக்குள்ள கால வச்சா மொதல்ல தலைவர் வீடு. பொறகுதான் மத்ததெல்லாம்." தோட்டத் தலைவர் என்பவர் அந்தப் பிரிவில் நம் சங்கத்துக்கு ஆள். வருடத்துக்கு ஒருமுறை கோயில் திடலில் சனங்கள் கூடிக் கைதூக்கித் தேர்ந்தெடுக்கிறவர். அவரைத் தாண்டி நாம் நேராக லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பிராவுக்குள் போனால், சனங்கள் கைதூக்கியதற்கு மரியாதை இல்லாமல் போகும். நல்ல பாடம்தான். உங்களுக்கும் அதைச் சொல்லித் தந்திருப்பார்கள். ஓய்வு பெறும் வரை நான் அதை மீறியதில்லை.

இனி அந்தப் பிரிவுக்கு வருகிறேன்.

ஒருநாள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டிவிட்டது. மரத்தில் இருந்த கூட்டைப் பருந்து கலைத்தது என்றார்கள். மலை முழுக்க ஓலம். கீழே ரோட்டில் கொழுந்து லொறி நிற்கிறது, பாதி ஏற்றியாகிவிட்டது. லொறிக்காரர் தோட்டத்துத் துரையைக் கேட்காமல் லொறியை எடுக்க மாட்டேன் என்கிறார். துரை போனை எடுக்கவில்லை. கணக்கப்பிள்ளை கையைப் பிசைகிறார். அப்போதைய தலைவரும் கமிட்டிக்காரர்களும் துரை பங்களாவுக்கு யார் போவது என்று ரோட்டோரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம். ஆம், பேசிக்கொண்டிருந்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள்.

அப்போது செல்வராஜ் என்று ஒருத்தர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கூட்டத்தில் இருந்தவர், கமிட்டியில்கூட இல்லாதவர், ஒரு படங்குச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு மலைக்குள் ஓடினார். ஒவ்வொரு பெண்ணாகத் தூக்கி வந்தார். பிறகு லொறியில் ஏறி, கொழுந்து மூட்டைகளைக் காலால் உதைத்து ரோட்டில் உருட்டிவிட்டார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், கொழுந்தை மிதிப்பதே பெரிய குற்றம். அதை உருட்டிவிட்டு, அந்த இடத்தில் பெண்களைப் படுக்க வைத்து, லொறிக்காரரைத் தள்ளிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கடைசியாகத் தூக்கி வந்தது பாக்கியம் என்ற பெண்ணை. மூச்சே இல்லை என்று நினைத்தார்களாம். அவள் பிழைத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். முகம் வீங்கி அடையாளம் தெரியவில்லை. இடது இமை அதன்பின் சரியாகத் திறக்கவே இல்லை. "ஒங்க பேரு என்ன தம்பி?" என்று கேட்டேன். "எம் பேரு இருக்கட்டும்க்கா, அந்தப் புள்ள கண்ண முழிச்சிருச்சா?" என்றார். பாக்கியத்தைத்தான் கேட்டார்.

நிர்வாகம் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தியது. பிரிவு முழுக்க, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் உட்கார்ந்தது. திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் கோயில் திடலில் ஒரு கை பாக்கியில்லாமல் தூக்கி அவரைத் தலைவராக்கினார்கள். நான்தான் கூட்டத்தை நடத்தினேன். என் சேவையில் அவ்வளவு சந்தோஷமான கூட்டத்தைப் பார்த்ததில்லை.

செல்வராஜ் திருடவில்லை. குடிக்கவில்லை. வேறு லயத்துக்கு மாறவில்லை, அதே ஒற்றைக் காம்பிராவில்தான் இருந்தார். இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குக் கதை சுலபமாகிவிடும். அவர் வந்தபின் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு ஒழுங்காக வரத்து இருந்தது. குண்டும் குழியுமான ரோட்டை சிரமதானம் போட்டுச் சனங்களே கல் பரப்பிச் செப்பனிட்டார்கள், ஓட்டோ லயத்து வாசல்வரை ஏறியது. மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். அதற்கு முன் எப்படிக் கூப்பிட்டார் என்று இங்கே எழுத முடியாது.

கசிப்புச் சாராயம் விற்ற ஒருத்தனைக் கோயில் திடலில் முட்டி போட வைத்தார். எல்லோரும் கை தட்டினோம். பெண்டாட்டியை அடித்த ஒருத்தனைக் காதைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார். பெண்கள் எல்லோரும் தட்டினார்கள், அன்று அங்கே இருந்த நானும் தட்டினேன். அடுத்து, கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கும் ஒரு மனிதரை இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது என்று உட்கார வைத்தார். அந்த மனிதர் பெரிய அறுவை, யாருக்கும் பிடிக்காது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டது நமக்கு ஏற்கெனவே பிடிக்காத ஆள். அதனால் கை தட்டிய நாம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் காரியாலயத்திலும் அவரை எல்லோருக்கும் பிடிக்கும். அந்தப் பிரிவிலிருந்து முறைப்பாடே வராது. நான் சொன்னேனே, அந்தத் தங்கமான மூத்தவர், அவர்கூட ஓய்வு பெறும்போது சொன்னார்: "நிம்மதியான எடம்மா அது. அங்க போயி எதையும் கெளறாத."

பிறகு அந்தத் தீர்மானம் வந்தது. சிரமதானத்துக்குச் சிலர் வருவதில்லை. மற்றவர்கள் போட்ட ரோட்டில் அவர்களும் ஓட்டோவில் வருகிறார்கள். இது எல்லோருக்கும் எரிச்சல். ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "வேலைக்கு வராத வீட்டுக் கேதத்துக்கு நாம எதுக்குப் போகணும்?" தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு மேளச் சத்தம் கேட்கும், வீட்டுக்கு ஓர் ஆளாவது போகும், ஆண்கள் குழி வெட்டுவார்கள். பகை, பங்காளிச் சண்டை எதுவும் அன்றைக்கு இல்லை. யாரையும் கேட்டுச் செய்கிற காரியம் இல்லை அது. அந்தக் கூட்டத்தில்தான் முதல் தடவையாக, தலைவர் சொன்ன பிறகே தப்பு அடிக்க வேண்டும், தலைவர் சொன்ன பிறகே குழி வெட்டப் போக வேண்டும் என்று கைதூக்கினார்கள். செல்வராஜ் கேட்கவே இல்லை. சனங்களே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார்கள். பாக்கியமும் கைதூக்கினாள். அடுத்த சிரமதானத்துக்கு ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள் என்று எனக்குப் போனில் பெருமையாகச் சொன்னார்கள். நானும் நல்லது என்றேன்.

அடுத்த வருடத் தேர்தலுக்கு முன், கோயில் திடலில் நடந்த கூட்டம் ஒன்றில் பாக்கியம் எழுந்து நின்றாள். அப்போது அவள் புருஷன் முத்தையா நெஞ்சு நோயால் படுத்த படுக்கையாக இருந்தார். வீட்டில் வயதான மாமியார். அதனால் பல வாரங்களாக அவள் சிரமதானத்துக்கும் போகவில்லை. அவள் கேட்டது இவ்வளவுதான். "இந்தத் தடவ கைதூக்காம, சீட்டுல எழுதிப் போட்டா என்ன? புடிச்சவங்க புடிச்சவங்க பேர எழுதட்டுமே."

அவ்வளவுதான். யார் மேலும் குறை சொல்லவில்லை. ஆனால் திடலில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பி, "ஒன்னத் தூக்கிக்கிட்டு ஓடுனாரே, அப்ப சீட்டு எழுதிப் போட்டா ஓடுனாரு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். செல்வராஜ் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த நான் பேச்சை மாற்றி, தீபாவளி முற்பணத்தைப் பற்றிச் சொன்னேன்.

முத்தையா இறந்தது அதற்குப் பிறகு வந்த மழையில். காலையில் பாக்கியம் எனக்குப் போன் போட்டாள். அழவில்லை.

"அக்கா, அவரு போயிட்டாரு. இன்னும் தப்பு அடிக்கல. ஒருத்தரும் வரல. நீங்க ஹட்டன்ல இருந்து ஒரு நாலு பேரக் கூட்டிக்கிட்டு வாங்க. நாமளே வெட்டிக்குவோம். தலைவர்கிட்ட மட்டும் போயிறாதீங்க."

காரியாலயத்தில் சொன்னேன். நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தர், "மொதல்ல தலைவரோட பேசிப் பாருங்கம்மா, சும்மா ஆளுகளக் கூட்டிக்கிட்டுப் போனா பிரச்சின பெருசாகிரும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தனியாகக் கிளம்பினேன்.

பூண்டுலோயா டவுனில் இறங்கி, பிணத்துக்குக் கோடித் துணி வாங்கத் துணிக்கடைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானாவுக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். "அந்த டிவிசன்ல மவுத்தா? வழமையா தலைவர்தானே மொதல் ஆளா வந்து துணி வாங்குவாரு. இன்னைக்கு ஒருத்தரையும் காணல்லயே" என்றார். துணியை மடித்துத் தந்தார்.

ஓட்டோவில் ஏறும்போது என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பொலிசுக்குப் போகலாமா? வருவார்கள், செல்வராஜோடு கை குலுக்குவார்கள், போவார்கள். துரையிடம் போகலாமா? சங்கத்தைப் பிரிக்க நிர்வாகம் காத்துக்கொண்டிருக்கிறது, கேட்காமலே ஆள் தருவார்கள். பக்கத்துப் பிரிவு ஆண்களைக் கூட்டி வரலாமா? பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு அடிதடி நடக்கும். மழை வேறு விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு முடிவெடுத்து அடுத்த வளைவில் அதை மாற்றினேன். அந்த ரோடு கல் பரப்பி நன்றாக இருந்தது, ஓட்டோ குலுங்காமல் ஏறியது. அதுவும் எனக்குக் கோபமாக வந்தது.

லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள், அடுப்புப் புகை வருகிறது. பாக்கியம் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் மாமியார் கிழவி மட்டும் உட்கார்ந்து, என்னைக் கண்டதும் தன் மகன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தது. அழுவதற்குக் கூட ஒரு துணைக்குரல் இல்லாத சாவு வீட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாக்கியம் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

பக்கத்துக் காம்பிராக் கதவைப் போய்த் தட்டினேன். ராக்கம்மா திறந்தாள். பாக்கியமும் அவளும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பாக்கியம் மேல எனக்கு என்ன பகை? ஒண்ணா தண்ணி புடிக்கிறவதான். ஆனா ஒன்னு கேக்குறேன். அவரு வர்றதுக்கு முந்தி, எம் மகளுக்கு வலி வந்தப்ப ஓட்டோ மேல ஏற மாட்டேன்னு கீழயே நின்னுருச்சு. நடுரோட்டுலதான் புள்ள பொறந்துச்சு. இப்ப போன் போட்டா வாசலுக்கு வருது. இன்னைக்கு நான் அவர மீறிப் போயி நின்னா, போங்கடின்னு எல்லாத்தையும் வுட்டுட்டுப் போயிருவாரு. பொறகு எங்களுக்காக யாரு வந்து நிப்பா? நீங்களா?"

தம்பிகளே, நான் மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து, பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போகிறவள். அவள் கணக்கில் பிழை இல்லை. இன்னும் நான்கு கதவு தட்டினேன். "தலைவர் ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றார்கள். ஒருத்தர்கூடக் கடுமையாகப் பேசவில்லை. ஒருத்தர் எனக்கு நனையாமல் இருக்கக் குடை தந்தார்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே பாடத்துக்குப் போனேன். தலைவர் வீடு.

செல்வராஜ் வாசலிலேயே நின்றார், காத்துக்கொண்டிருந்த மாதிரி. "வாங்கக்கா. நனஞ்சிட்டீங்களே" என்று துவாய் எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி, பொணம் கெடக்கு."

"தெரியும்க்கா. நான் யாரையும் போகாதன்னு ஒரு வார்த்த சொல்லல. நீங்களே கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். அப்ப போங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? தீர்மானம் போட்டது சனங்க. பாக்கியமும் கைதூக்குனவதானே."

"புருசன் படுத்துக் கெடந்தாரு. அதுனாலதான் அவ வேலைக்கு வரல. ஒங்களுக்குத் தெரியாதா?"

செல்வராஜ் மழையைப் பார்த்தார். அந்தத் திறக்காத இமைக்குக் கீழேயும் கண்ணீர் வந்தது. "தெரியும். ஆனா சீட்டு கேட்டாளே, அது ஏன்க்கா? நான் என்ன கொற வச்சேன்? எல்லாரும் கேட்டிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அவ கேட்டாளே."

நடிப்பு இல்லை அது. மனிதர் நொந்துபோயிருந்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு பெண் கைதூக்காமல் சீட்டில் எழுதிப் போடக் கேட்டதற்கு இவ்வளவு நொந்துபோகிற ஒருவர் கையில், ஒரு பிரிவே தன் சாவை ஒப்படைத்திருக்கிறது. எனக்குக் கோபமும் வந்தது, அவர் மேல் பரிதாபமும் வந்தது. ஆனால் அங்கே சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்:

"தம்பி, ஒங்களக் கேட்டுக்கிறேன். நீங்க வந்தாத்தான் இது நடக்கும்."

இந்தப் பேச்சை நீங்கள் உங்களுக்குள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். சரியா, பிழையா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் முத்தையா அன்று மண்ணுக்குள் போயிருக்க மாட்டார். அதைச் சொன்னதால் அந்தப் பிரிவின் சாவெல்லாம் செல்வராஜுக்குச் சொந்தம் என்று சங்கத்தின் சார்பில் நான் ஒப்புக்கொண்டேன்.

அவர் எழுந்தார். சுவரோரம் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். யாரையும் கூப்பிடவில்லை. இரண்டாவது லயத்தைத் தாண்டுவதற்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆண்கள் மம்பட்டியோடு வந்தார்கள். பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாக்கியம் வீட்டுக்கு ஓடினார்கள், ராக்கம்மாதான் முதலில் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கிருந்தோ தப்பு கிளம்பியது.

ஆற்றோரத்து மயானத்தில் மண் சேறாக இருந்தது. வெட்ட வெட்டச் சரிந்தது. செல்வராஜ் இடுப்பளவு குழிக்குள் இறங்கி நின்று, கடைசிவரை வெளியே வராமல் வெட்டினாராம். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, ரோடு வளையும் முடக்கோடு நின்றுவிடுவோம். எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். அவர் தலை முதல் கால் வரை சேறாக முன்னால் வந்தார். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், "இப்பிடி ஒரு மனுசன் எங்கக்கா கெடைப்பாரு?" என்றாள். பாக்கியம் அவரைக் கும்பிட்டாள். நான் என் கைகளைப் பார்த்தேன். அவையும் கூப்பியிருந்தன. நெஞ்சு நிறைய நன்றியோடு நின்றேன். யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் கிடைத்துவந்த ஒரு குழியை, பிடித்து வைத்துக்கொண்டு பிறகு திருப்பிக் கொடுத்தவருக்கு அந்த நன்றி. அது புத்திக்கு எட்டியது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.

அதற்குப் பிறகு தேர்தல். சீட்டுப் பேச்சு எழவே இல்லை. வேறு பெயர் உண்டா என்று மூன்று தடவை கேட்டேன். இல்லை. கைதூக்கச் சொன்னேன். முதலில் எழுந்த கை பாக்கியத்தினுடையது.

நான் ஓய்வு பெற்ற பின் ஒருநாள் நுவரெலியா பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தாள். கிழவியை வாங்கில் உட்கார வைத்துவிட்டுப் பேசினோம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு ஏன் மொதல் ஆளா கையத் தூக்குன? பயமா?"

"பயம்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்க. எனக்கும் அது லேசா இருக்கும்" என்றாள். "பயம் இல்லக்கா. அந்த மழையில மம்பட்டியத் தூக்கிக்கிட்டு அவரு வந்தாருல்ல, அப்ப எனக்கு மனசு அப்பிடியே நெறஞ்சு போச்சு. யாரும் வராம இருந்ததுக்கு அவருதான் காரணம். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நெறஞ்சுச்சு. குளவி கொட்டுனப்ப தூக்குனாரு, அது கடன். இது என்னான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அத நெனச்சா எனக்கு என் மேலதான் அருவருப்பா வருது."

நான் என் கைகளைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அதனால்தான் தம்பி, பிரம்பைப் பார்த்துப் பின்னால் போகிறார்கள் என்று நீங்கள் சிரித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிரிவில் பிரம்பே கிடையாது. மற்றவர்கள் ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தர் ஓடினார். பிறகு நாம் எல்லோரும் நமக்குப் பிடிக்காதவர்களை அவரிடம் விட்டோம், நம்முடைய அலுப்பை அவரிடம் விட்டோம், கடைசியில் நம் சாவையும் விட்டோம். சங்கமும் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போனது. நாட்டிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மலை அது ஒன்றுதான். கடைத்தெருவில் யாராவது "கண்டிப்பான ஒரு ஆளு வரணும்" என்று சொன்னால், இப்போது நான் அவர்களோடு வாதாடுவதில்லை. "ஒங்க பக்கத்துல குழி வெட்ட யாரக் கேக்கணும்?" என்று கேட்கிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

முந்தாநாள் பாக்கியம் எனக்குப் போன் போட்டாள். இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

இந்த வருடத் தேர்தல் வருகிறது. சீட்டு வேண்டும் என்று மறுபடியும் கேட்கப் போகிறாளாம். "எதுக்குடி? மாமியா படுத்துக் கெடக்குன்னு சொன்னியே" என்றேன்.

"அதுக்குத்தான்க்கா. கெழவி இன்னும் ரொம்ப நாள் தாங்காது. இன்னொரு தடவ எனக்கு அப்பிடி மனசு நெறையக் கூடாது."

போனில் மழைச் சத்தம் கேட்டது.

"போன தடவ நாலு பேரக் கேட்டேன். நீங்க ஒரு ஆளுதான் வந்தீங்க. இப்ப ஆபிஸ்ல புதுசா புள்ளைங்க சேந்திருக்காங்களாமே. குழி வெட்ட வருவாங்களான்னு அவங்ககிட்டக் கேளுங்க."

எனக்கு முழங்கால் போய்விட்டது, மம்பட்டி பிடிக்க முடியாது. பூண்டுலோயாவில் இறங்கினால் ஓட்டோ கிடைக்கும், ரோடு நன்றாக இருக்கிறது. தலைவர் வீடு வலது பக்கம், அங்கே போக வேண்டாம். இடது பக்கம் இரண்டாவது லயம், கடைசிக் காம்பிரா. கேட்கச் சொன்னாள், கேட்கிறேன். நீங்கள் எத்தனை பேர் வருவீர்கள்?